பிசிஎன் டியூப் வீட்டில் இருந்தால்

சிறுநீரை வெளியே பைக்கு எடுத்துவர, சிறுநீரகத்திலிருந்து முதுகு வழியாக வரும் குழாய்தான் பிசிஎன் டியூப். அதை எல்லோரும் ஃப்ளஷ் செய்ய, அதாவது சிரிஞ்சால் திரவம் செலுத்தி அடைப்பில்லாமல் வைக்க, தேவையில்லை. டாக்டர் எழுதித் தந்தால் மட்டும், அவர் சொன்ன அளவில் செய்யுங்கள். பெரும்பாலும் 5 மில்லி நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்பு நீர்)தான். சிறுநீரகத்தின் உள்ளறை அவ்வளவு சின்னது. 20 மில்லியை அழுத்தினால் கிருமி ரத்தத்துக்கு ஏறி, குளிர்காய்ச்சலில் கொண்டுவிடும்.

கையை சோப்பு போட்டுக் கழுவி, சிரிஞ்ச் பொருத்தும் இணைப்பு வாயை ஸ்பிரிட் பஞ்சால் 15 நொடி தேய்த்து, காய விடுங்கள். 10 மில்லி சிரிஞ்சே எடுங்கள். 2 மில்லி சிரிஞ்சில் அழுத்தம் எகிறும். காற்றை வெளியேற்றிவிட்டு மெதுவாகச் செலுத்துங்கள். போகவில்லையா, வலிக்கிறதா, நிறுத்துங்கள். திரும்ப உறிஞ்சி இழுக்கவும் வேண்டாம்.

டியூப், பை, சிரிஞ்ச் வாய் மூன்றும் சேரும் மூன்று வழித் திருகில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆஃப் என்ற முனை எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் அடைப்பு. ஃப்ளஷ் செய்யும்போது அது பை பக்கம். முடித்ததும் சிரிஞ்ச் வாய் பக்கம். திருப்ப மறந்தால் சிறுநீர் உள்ளேயே தேங்கும். உள்ளே விட்ட 5 மில்லியை அன்றைய சிறுநீர் அளவில் கழித்து எழுதுங்கள்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே. பாதி நிறைந்ததுமே காலி செய்யுங்கள். சிறுநீர் வரவில்லை என்றால் முதலில் டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா பாருங்கள், பேன்ட் பெல்ட்டுக்கு அடியில்தான் இருக்கும். மடிப்பு இல்லாமலும் 2 மணி நேரம் வரவில்லை, நடுக்கத்தோடு காய்ச்சல், கட்டியாக ரத்தம், டியூப் கழன்றுவிட்டது: எதுவானாலும் உடனே ஆஸ்பத்திரி. கழன்றதை நீங்களே உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான காஸ் துணி வைத்துத் துளையை மூடிக் கிளம்புங்கள், துளை சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பித்துவிடும்.