பாட்டி, குளிர்ந்த தண்ணீர், ஒரு ஸ்பானிஷ் வாக்கியம்

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்த புதிதில், பாடங்களைச் சரசரவென்று முடிப்பதைவிட ஒரு சின்ன வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அதில் புரியாதது எதுவும் மிச்சமில்லை என்று ஆகும்வரை அதோடு மல்லுக்கட்டலாம் என்று தோன்றியது. கையில் அகப்பட்ட வாக்கியம் இது:

அ மி அபுவேலா லே குஸ்தா எல் ஆகுவா ஃப்ரீயா.

'என் பாட்டிக்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும்.' அவ்வளவுதான். மி என்றால் என், அபுவேலா பாட்டி, ஆகுவா தண்ணீர், ஃப்ரீயா குளிர்ந்த. முதலில் நிற்கும் அ, நம் 'கு' உருபு செய்யும் வேலையைச் செய்கிறது. நமக்குப் பின்னால் ஒட்டுவது அவர்களுக்கு முன்னால் வருகிறது.

ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் சொல்லித்தரும் பாடங்கள் இந்த குஸ்தா வந்ததும் பெரிய பீடிகை போடும். வினை தலைகீழாக இருக்கிறது, எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறுகின்றன என்று படமெல்லாம் வரைந்து விளக்குவார்கள். எனக்குப் பிடிக்கும், உனக்குப் பிடிக்கும் என்றே பேசி வளர்ந்தவர்களுக்கு அதில் விளக்க ஒன்றும் இல்லை. மே குஸ்தா எனக்குப் பிடிக்கும், தே குஸ்தா உனக்குப் பிடிக்கும், லே குஸ்தா அவருக்குப் பிடிக்கும். அந்தப் பக்கங்களை நான் புரட்டிவிட்டேன்.

ஆனால் தமிழைப் பிடித்துக்கொண்டே கடைசிவரை போகவும் முடியாது. 'அ மி அபுவேலா' என்று பாட்டிக்கு வேற்றுமை போட்டாயிற்றே, அப்புறம் எதற்கு இன்னொரு லே? 'என் பாட்டிக்கு அவருக்குப் பிடிக்கும்' என்று யாராவது சொல்வார்களா? அங்கே சொல்கிறார்கள். இன்னும் சொல்லப்போனால், பாட்டியை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும். லே போனால் நிற்காது. வெறும் லே என்றால் அவனுக்கா, அவளுக்கா, எதிரே இருக்கும் உங்களுக்கா என்று தெரியாது என்பதால்தான் முன்னால் பாட்டியைச் சொல்கிறார்கள். இன்னொன்று, பிடித்த பொருள்தான் அங்கே எழுவாய். அது பன்மையானால் குஸ்தா, குஸ்தான் ஆகிவிடும். நமக்கு ஒரு பூவானாலும் நூறு பூவானாலும் 'பிடிக்கும்' மாறுவதில்லை.

இதுவரை சுலபம்தான். நான் வசமாக மாட்டிக்கொண்டது 'எல் ஆகுவா ஃப்ரீயா' என்ற மூன்று சொற்களில்.

ஸ்பானிஷில் பெயர்ச்சொல் எல்லாவற்றுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. ஆண்பாலுக்கு முன்னால் எல், பெண்பாலுக்கு முன்னால் லா என்ற ஆர்ட்டிகிள் வரும். பண்பைச் சொல்லும் சொல்லும் அதற்கேற்ப மாறும்: ஆண்பாலுக்கு ஃப்ரீயோ, பெண்பாலுக்கு ஃப்ரீயா. இங்கே தண்ணீருக்கு முன்னால் ஆண்பாலுக்கு உரிய எல், பின்னால் பெண்பாலுக்கு உரிய ஃப்ரீயா. ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பால் எப்படி? அச்சுப் பிழையோ என்றுகூட நினைத்தேன். ரியல் அகாதெமியா எஸ்பான்யோலா என்ற ஸ்பானிஷ் மொழிக் கழகம் 1713 முதல் இருக்கிறது; அதன் அகராதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் ஆகுவா பெண்பால் என்றுதான் போட்டிருக்கிறது. பிறகு எல் எங்கிருந்து வந்தது?

இலக்கணப் பக்கங்களில் தேடிக்கொண்டிருந்த விடை உச்சரிப்புப் பக்கத்தில் இருந்தது. அழுத்தம் விழும் அகர ஓசையில் தொடங்கும் பெண்பால் பெயருக்கு நேர் முன்னால், ஒருமையில், லா வராது, எல் வரும். சரி, அழுத்தம் எங்கே விழுகிறது என்று எப்படித் தெரியும்? சொல் உயிரிலோ ன், ஸ் ஒலிகளிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையில். மற்ற மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். இதை மீறும் சொல்லுக்கு உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்ந்த கோடு போட்டுக் காட்டிவிடுவார்கள். (அசை என்று நான் சொல்வது ஒரே மூச்சில் வரும் ஒலித் துண்டு. நேர், நிரையை இதில் கொண்டுவர வேண்டாம்.) ஆகுவாவில் இரண்டே அசை, அழுத்தம் முதல் அகரத்தில். ஆகவே எல். அபுவேலாவும் அகரத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் அதில் அழுத்தம் நடுவில் உள்ள 'ப்வே'யில். அதனால் அது லா அபுவேலா. பசிக்கான சொல்லை எழுதும்போது முதலில் எச் எழுத்து இருக்கும். அதற்கு ஒலி கிடையாது என்பதால் அதுவும் 'எல் ஆம்ப்ரே'தான். விதி பார்ப்பது காதில் விழுவதை. எழுத்தை அது கண்டுகொள்வதில்லை.

வாக்கியத்தைத் தமிழில் எழுதிவைத்துப் படித்ததில் ஒரு வில்லங்கம் இருந்தது. குஸ்தா, ஆகுவா என்று நெடிலில் முடித்துவிடுகிறோம். ஸ்பானிஷில் குறில், நெடில் என்ற பாகுபாடே இல்லை, ஐந்து உயிர்தான். கடைசி அகரத்தை இழுத்தால் அழுத்தம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் என் குறிப்பேட்டில் அழுத்தம் விழும் இடத்தில் மட்டும் நெடில் போட்டு, மற்றதெல்லாம் குறிலாக மாற்றி எழுதினேன். ஃப்ரீயாவில் கோடு ஈகாரத்தின் மேல் இருக்கிறது. அந்தக் கோடு இல்லாவிட்டால் இ, அ இரண்டும் சேர்ந்து ஒரே அசையாகிவிடும்.

மெய்யொலிகளில் நமக்குப் பாதி வேலை மிச்சம். குஸ்தாவின் த, பல்லில் நாக்குப் படும் நம் த. ஆங்கிலப் பழக்கத்தில் ட என்று சொல்லாமல் இருந்தால் போதும். 'கல்' என்பதில் ஒரு க, 'பகல்' என்பதில் இளகிய வேறொரு க என்று எழுத்து மாறாமல் ஒலி மட்டும் மாறுகிறதே, ஆகுவாவில் இருப்பது அந்தப் பகல் க. குஸ்தாவைத் தனியே சொன்னால் கெட்டியாக வரும் ஒலிகூட, லே முன்னால் வந்ததும் இளகிவிடுகிறது. அபுவேலாவின் ப்-தான் கொஞ்சம் படுத்தியது. உதடுகள் நெருங்க வேண்டும், ஒட்டக் கூடாது. அதையடுத்து வரும் ஒலிக்கு நம் வகரமும் சரிப்படாது. பல் உதட்டில் படாமல், உதட்டைக் குவித்து 'உவே' என்று ஒரே வீச்சில் போக வேண்டும்.

பிறகு வேகம். ஒலிப்பதிவில் கேட்டால் ஒரு சொல்கூடத் தனியாக நிற்கவில்லை. ஓட்ட வேகத்தைக் குறைத்துக் கேட்டுத் துண்டு துண்டாக எழுதினேன்:

அ - மிய - ப்வே - ல - லெ - கூஸ் - தஎ - லா - க்வ - ஃப்ரீ - அ

எல் என்பதன் ல் அடுத்த சொல்லின் அகரத்தில் ஏறி 'லா' ஆகிறது. மெய்மேல் உயிர் ஏறும் என்று பள்ளியில் படித்த அதே சங்கதி. 'குஸ்தா எல்' சேரும் இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நம் வாய் தன்னால் உடம்படுமெய்யைச் செருகி 'குஸ்தாயெல்' என்று சொல்லும். அங்கே ய் இல்லை. அகரம் அப்படியே எகரத்துக்குள் வழுக்குகிறது. ஸ்பானிஷ் மரபுக் கவிதையிலும் இப்படிச் சேர்த்துத்தான் அசையை எண்ணுவார்கள். 11 அசை வரி அங்கே மிகவும் புழங்கிய அளவு. எண்ணிப் பாருங்கள், பாட்டியின் தண்ணீரும் 11 அசையில் நிற்கிறது.

மொழிப் பயிற்சிக்காகப் பேசும், கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவைச் சேர்ந்த பெண் ஒருவரிடம் இதைச் சொல்லி அனுப்பினேன். புரிந்தது என்றார், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் ஒரே கனத்தில் சொல்கிறாய் என்றார். அவர் ஊர்ப் பேச்சில் குஸ்தாவின் ஸ் தெளிவாகக் கேட்கும். கியூபாவிலும் தென் ஸ்பெயினின் அந்தலூசியாவிலும் அது தேய்ந்து 'குஹ்தா' மாதிரி ஆகிவிடுகிறது. முதல் தடவை கேட்டபோது வேறு வினைச்சொல் என்றே நினைத்தேன்.

இப்போது பன்மையில் ஓட்டிப் பார்க்கிறேன்: அ மிஸ் அபுவேலாஸ் லெஸ் குஸ்தான் லாஸ் ஆகுவாஸ் ஃப்ரீயாஸ். பன்மை வந்ததும் எல் போய் லாஸ் திரும்பிவிடுகிறது. 'இந்தத் தண்ணீர்' என்று சொல்வதானால் ஒருமையிலும் பெண்பால்தான், 'எஸ்தா ஆகுவா'. இந்த இடத்தில் தாய்மொழிக்காரர்களே பலர் 'எல்' என்பதைப் பார்த்து ஏமாந்து, ஆண்பால் வடிவத்தைப் போட்டு 'எஸ்தே ஆகுவா' என்கிறார்கள். கழகம் அது தவறு என்கிறது. அவர்கள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.