சேர் படிப்பித்த தோற்ற வழக்கு

எங்கள் சரித்திர சேர் அமெரிக்க உள்நாட்டுப் போரை விரைவாக முடித்துவிட்டு, பாடத்திட்டத்தில் பெயரே இல்லாத அல்பியன் டூர்ஜே என்ற சட்டத்தரணியிடம் வந்து நின்றுவிடுவார். பரீட்சைக்கு வராத அந்த மனிதரைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை.

1838இல் ஒகையோவில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஒரு கண் போய்விட்டது. 1861இல் வடக்குப் படையில் சேர்ந்து, புல் ரன் சண்டையில் முதுகெலும்பில் அடிபட்டார். தேறியதும் மறுபடி போர்க்களம், பிறகு சிறை. இதையெல்லாம் சேர் மளமளவென்று சொல்லிக் கடந்துவிடுவார். போர் முடிந்ததும் இந்தச் சட்டத்தரணி தோற்ற தெற்கிலேயே, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் போய்க் குடியேறினார் பாருங்கள், அங்கேதான் சேரின் குரல் உயரும்.

1868இல் அந்த மாநிலத்தின் புதிய அரசியலமைப்பை எழுதியவர்களில் டூர்ஜேயும் ஒருவர். அதன்பின் ஆறு வருடம் நீதிபதி. கறுப்பினத்தவருக்கு உரிமை கிடைப்பதை எதிர்த்த வெள்ளை இனவெறிக் கும்பலான கூ கிளக்ஸ் கிளான் அவரைக் கொல்லுவோம் என்று மிரட்டியது. 1870இல் அவருடைய நண்பரான மாநில செனற்றர் ஜோன் ஸ்டீபன்ஸை நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே வைத்துக் கொன்றார்கள். அப்படியிருந்தும் 1879 வரை டூர்ஜே அந்த ஊரிலேயே இருந்தார்.

1892இல் கறுப்பினக் கலப்புள்ள ஹோமர் பிளெஸி நியூ ஓர்லியன்ஸில் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய ரயில் பெட்டியில் வேண்டுமென்றே ஏறிக் கைதானார். ரயில் பெட்டிகளை நிறம் பார்த்துப் பிரித்த சட்டத்தைச் சோதிக்கத் திட்டமிட்டுத் தொடுத்த வழக்கு அது. டூர்ஜே ஒரு சதமும் வாங்காமல் வாதாடினார். நீதிதேவதையைக் குருடியாக வரைகிறோமே, அவள் மகளான சட்டத்துக்கு நிறமாவது தெரியாமல் இருக்கவேண்டாமா என்று அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். 1896இல் ஏழு நீதிபதிகள், அந்தச் சட்டம் செல்லும் என்று பிளெஸிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஒருவர் மட்டும் மறுத்தார்: ஜோன் ஹார்லன். ஒருகாலத்தில் அடிமைகளை வைத்திருந்தவர். நம் அரசியலமைப்புக்கு நிறம் தெரியாது என்று எழுதியவர் அவர்தான்.

பிளெஸி 25 டொலர் குற்றப்பணம் கட்டினார். டூர்ஜே 1905இல் பிரான்சின் போர்தோவில் தூதரக அதிகாரியாக இருந்தபோது காலமானார். பாடசாலைகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு 1954இல்தான் வந்தது.

வென்றவர்களை எல்லாப் புத்தகமும் சொல்லும் என்பதால்தான் சேர் தோற்ற வழக்கை எடுத்தார் என்று நினைக்கிறேன். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிய குறிப்புகள் இடம்பெயர்வில் என் கையைவிட்டுப் போயின. நம் வகுப்பில் யாரிடமாவது அந்தக் கொப்பி மிஞ்சியிருந்தால் ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்த மலரில் அப்படியே அச்சிடுவோம்.