கார்ட், டேக்கிள், சென்டர்: ஒரு லைன்மேனின் ஐந்து வருடம்

11 ஆகஸ்ட் 2025, திங்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகளின் ஆகஸ்ட் முகாம் நடந்துகொண்டிருக்கிறது. செய்தியெல்லாம் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைச் சுற்றித்தான் வரும். இந்தக் குறிப்புகள் அவருக்கு முன்னால் நின்று எதிராளிகளைத் தடுக்கும் ஐவரை, அதாவது லைன்மேன்களைப் பற்றியவை. நடுவில் பந்தைப் பின்னால் அனுப்பும் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்ட், ஓரங்களில் டேக்கிள். ஜெர்சி எண் 50 முதல் 79க்குள் இருக்கும். சென்டரைத் தவிர மற்றவர்கள் நான்கு சீசன் ஆடியும் பந்தைக் கையில் வாங்காமலே பட்டம் பெற்றுப் போகலாம்.

எடுத்துக்கொள்ளும் ஆள் பாரெட் ஜோன்ஸ். டென்னசியின் மெம்ஃபிஸ் பக்கத்திலிருந்து 2008ல் அலபாமா பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். 2009, 2011, 2012 சீசன்களில் அலபாமா தேசியப் பட்டம் வென்றபோது மூன்றிலும் அவர் முதல் அணியில் இருந்தார்: முதலில் வலது கார்ட், அடுத்து இடது டேக்கிள், கடைசியில் சென்டர். 2011ல் சிறந்த உள்வரிசை வீரருக்கான அவுட்லண்ட் கோப்பை, 2012ல் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் கோப்பை. இடம் மாறியதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் கால், கை, கண் மூன்றும் வேலையைப் புதிதாகப் படிக்க வேண்டும். கல்லூரி லைன்மேன்களில் இதைவிடப் பெரிய சாதனை எனக்குத் தெரிந்து கிடையாது.

14 ஆகஸ்ட், வியாழன்

2008ல் அவர் ரெட்ஷர்ட். ஐந்து வருடத்துக்குள் நான்கு சீசன் ஆடலாம் என்பது விதி. ஆடாமல் கழிக்கும் வருடத்துக்கு அந்தப் பெயர். அப்போது ஓர் ஆட்டத்தில் இறங்கினாலே, காயம் போன்ற விலக்கு இல்லாவிட்டால், அந்த சீசன் கணக்கில் போய்விடும். 2018 முதல் நான்கு ஆட்டம் வரை ஆடலாம்.

லைன்மேனுக்கு இந்த வருடம் வீண் போவதில்லை. பள்ளியிலிருந்து 260, 270 பவுண்டில் வருகிற பையன் 300ஐத் தொட வேண்டும். சாப்பிட்டு ஏற்றுவது சுலபம். அந்த எடையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் வேகமாக நகர்வதுதான் கஷ்டம். அவசரமாக ஏறிய எடை வயிற்றில் தங்கும், முழங்காலில் இறங்கும். பயிற்சியாளர்கள் முதலில் பார்ப்பது கணுக்கால். அது மடங்காவிட்டால் ஆள் முழங்காலை மடக்காமல் இடுப்பை மடக்கிக் குனிவார். குனிந்தவரின் எடை முன்னால் சாய்ந்துவிடும். எதிராளி கையைப் பிடித்து ஓர் இழு இழுத்தால் முகம் புல்லில். எத்தனை கிலோ தூக்கினாலும் இந்தக் குறை மறையாது.

19 ஆகஸ்ட், செவ்வாய்

2009, 2010: வலது கார்ட்.

வலது கை தரையில், வலது கால் அரையடி பின்னால். எதிரில் இருப்பவர் எதிரணித் தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் 300 பவுண்டு டிஃபென்சிவ் டேக்கிள், கை நீட்டினால் எட்டும் தூரம். ஓடி வேகம் எடுக்க இடமே இல்லை. முதல் அடி ஆறு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. இரண்டாவது அடி தரையில் பதிந்த பிறகே மோதல். நீளமாக எட்டி வைத்தால் ஒரு கால் அந்தரத்தில் இருக்கும்போது இடி விழும். அப்படிப் பின்னால் தள்ளப்படும் கார்டை டிவியில் பார்ப்பவர்கள் பலம் இல்லாதவர் என்பார்கள். தவறு பெரும்பாலும் அந்த இரண்டாவது அடியில்தான்.

கார்டின் உயிர்நாடி காம்போ பிளாக், அதாவது இருவர் சேர்ந்து தடுப்பது. வரிசையின் நடுப்பகுதி வழியாகப் பந்தோடு ஓடும் இன்சைட் ஸோன் ஓட்டத்தில் கார்டும் டேக்கிளும் சேர்ந்து ஒரு எதிராளியை இடுப்போடு இடுப்பு ஒட்டித் தள்ளுவார்கள். நான்கு கையும் அவர் மேல், நான்கு கண்ணும் அவருக்குப் பின்னால் நிற்கும் எதிரணி வீரரான லைன்பேக்கர் மேல். லைன்பேக்கர் உள்பக்கம் வந்தால் கார்ட் கழன்று அவரைப் பிடிக்க வேண்டும். வெளிப்பக்கம் போனால் டேக்கிள். யார் கழல்வது என்பதை லைன்பேக்கரின் ஓட்டம்தான் தீர்மானிக்கிறது, முன்கூட்டிப் பேசிவைக்க முடியாது. சீக்கிரம் கழன்றால் தள்ளப்பட்டவர் நடுவில் புகுந்துவிடுவார். தாமதித்தால் லைன்பேக்கர் பந்தோடு ஓடுபவரைக் கோட்டிலேயே மடக்குவார். 2009ல் மார்க் இங்க்ரம், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை அலபாமாவுக்காக முதல்முறை வாங்கிய ஓட்டங்களுக்கு முன்னால் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

20 ஆகஸ்ட், புதன்

நேற்று விட்டுப்போனது. தரையில் ஊன்றிய கையின் விரல் மூட்டுகள் வெளுத்திருந்தால் எடை முன்னால் இருக்கிறது, ஓட்டம் வரப்போகிறது என்று எதிராளி படித்துவிடுவார். எடை பின்னால் இருந்து கை லேசாகத் தொட்டிருந்தால் பாஸ், அதாவது பந்தை எறியப் போகிறார்கள். அதனால் இரண்டுக்கும் ஒரே மாதிரி உட்காரப் பழக வேண்டும். முகாமின் மூன்றாவது வாரத்தில், களைப்பில், முதலில் குலைவது இதுதான்.

25 ஆகஸ்ட், திங்கள்

2010 சீசனோடு இடது டேக்கிள் ஜேம்ஸ் கார்பென்டர் போய்விட்டார். 2011ல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் சியாட்டில் அணி, வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் அவரை எடுத்தது. அந்த இடத்துக்கு ஜோன்ஸை நகர்த்தினார்கள்.

வலக்கைக் குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது அவர் முதுகு இடது பக்கம் இருக்கும். அங்கே காவல் நிற்பவர் இடது டேக்கிள். வலது கார்ட் அங்கே போவதென்றால் தள்ளுகிற காலும் இழுக்கிற காலும் மாறுகின்றன. வலது கையால் எழுதி வளர்ந்தவரிடம் பரீட்சையை இடது கையால் எழுதச் சொல்வது போலத்தான். எதிராளியும் மாறுகிறார்: 250, 260 பவுண்டு, வேகம் அதிகம், ஓரத்திலிருந்து வளைந்து வருபவர்.

இங்கே வேலை கிக் ஸ்லைட். இடது கால் பின்னாலும் வெளியிலும் போகும். வலது கால் தரையை உந்திவிட்டு அதன் பின்னே வரும். கால்கள் ஒட்டவும் கூடாது, பின்னவும் கூடாது. மூக்கு எதிராளியின் உள்தோளுக்கு நேராக. வெளியே அதிகம் போய்விட்டால் அவர் உள்பக்கம் வெட்டுவார், குவார்ட்டர்பேக்குக்கு அதுதான் குறுக்குவழி. பயந்து இடுப்பை முன்கூட்டியே திருப்பினால் வெளியே கதவு திறந்த மாதிரி. ஷாட்கன் என்ற அமைப்பில் குவார்ட்டர்பேக் பந்தை 5 கஜம் பின்னால் நின்று வாங்குகிறார். எதிராளியை அவருக்குப் பின்னால் தாண்டி ஓட வைத்துவிட்டால் டேக்கிள் ஜெயித்துவிட்டார்.

அடுத்தது கை. சீக்கிரம் குத்தினால் உடல் சாயும், எதிராளி கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். தாமதமானால் அவர் கை முதலில் நெஞ்சில் விழுந்து, நேராகப் பின்னால் தள்ளுவார். முழங்கை ஒட்டி, கட்டைவிரல் மேலே. தோற்றுப்போனதும் வெளிக்கை தானாகவே அவர் தோளைச் சுற்றும். அது ஹோல்டிங், 10 கஜம் தண்டனை. இளம் டேக்கிள்களின் ஹோல்டிங்குக்குக் காரணம் பெரும்பாலும் கையில் இருக்காது, அதற்கு முன்பே பிந்திப்போன காலில் இருக்கும்.

2012 ஜனவரி 9, நியூ ஆர்லியன்ஸ், 2011 சீசனின் தேசிய இறுதி ஆட்டம்: எல்எஸ்யுவை (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அலபாமா 21-0 என்று வென்றது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று தல்லஹாசியில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் அலபாமா 31-17 என்று தோற்றது. வெளியூர் மைதானத்து இரைச்சலில் குவார்ட்டர்பேக்கின் குரல் டேக்கிளுக்குக் கேட்காது. அப்போது சைலன்ட் கவுண்ட்: கார்ட் பின்னால் பார்த்து, குவார்ட்டர்பேக் சைகை காட்டியதும் சென்டரைத் தட்டுவார்; சென்டர் தலையைத் தூக்கி, ஒரு கணம் நிறுத்தி, பந்தைவிடுவார். அந்த ஒரு கணத்தை எப்போதும் ஒரே அளவில் வைத்தால் எதிராளி அதோடு சேர்ந்து பாய்வார். மாற்றிக்கொண்டே இருக்கவேண்டியது சென்டரின் பொறுப்பு.

ஜோன்ஸின் மூன்றாவது இடம் இதுதான். 2011ன் சென்டர் வில்லியம் விளாகோஸ் படிப்பை முடித்தார். இடது டேக்கிளுக்கு சைரஸ் குவான்ஜியோ தயாராக இருந்தார். சென்டர் ஒரு கையால் பந்தைப் பின்னால் அனுப்பும்போதே கால் நகர வேண்டும், எதிராளி அங்குலக்கணக்கில் எதிரே இருக்கிறார். அனுப்பிய கை திரும்பி வரும்வரை ஒற்றைக் கையால்தான் சண்டை.

அதைவிடக் கடினம் கணக்கு. வரிசைக்கு வந்ததும் நடு லைன்பேக்கர் யார் என்று சென்டர் அடையாளம் காட்டுவார். அதை வைத்துத்தான் ஐவரும் யார் யாரைப் பிடிப்பது என்று முடிவாகிறது. அடையாளம் தப்பினால் இரண்டு லைன்மேன் ஆளில்லாமல் நிற்க, ஒருவர் தடையில்லாமல் நுழைவார். முந்தைய பிளே முடிந்ததிலிருந்து அடுத்த ஸ்னாப்புக்கு, அதாவது சென்டர் பந்தைப் பின்னால் அனுப்புவதற்கு, மொத்தம் 40 வினாடி. நோட்டர்டேமுக்கு எதிரான 2012 சீசனின் தேசிய இறுதி ஆட்டத்தில், வெற்றி ஏறக்குறைய உறுதியான நேரத்தில், இந்தக் கடிகாரத்தின் பெயரால் குவார்ட்டர்பேக் ஏ.ஜே. மெக்கேரனும் ஜோன்ஸும் முட்டிக்கொண்டார்கள். ஜோன்ஸ் தன் குவார்ட்டர்பேக்கையே பிடித்துத் தள்ளினார். பலர் சிரித்தார்கள். எனக்கு அது பெருமையான காட்சி: நான்காம் கால்பகுதியிலும் இருவருக்கும் ஒரு ஸ்னாப்கூட அலட்சியம் இல்லை.

4 செப்டம்பர், வியாழன்

2012 டிசம்பர் 1, ஜார்ஜியாவுடன் எஸ்இசி (அலபாமா ஆடும் கல்லூரிப் பிரிவு) இறுதி ஆட்டம். அலபாமா 350 கஜம் ஓடியே எடுத்து 32-28 என்று ஜெயித்தது. அதில்தான் ஜோன்ஸுக்குப் பாதத்தில் லிஸ்ஃப்ராங்க் காயம். நடுப்பாதத்து எலும்புகளும் விரல்களுக்குப் போகும் நீண்ட எலும்புகளும் சேருமிடம் அது. உந்தும்போது முழு எடையும் அங்கேதான் இறங்கும். லைன்மேனுக்கு இதைவிட மோசமான இடத்தில் அடிபட முடியாது. ஐந்து வாரம் கழித்து அதே காலோடு நோட்டர்டேமுக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டம் ஆடினார், அலபாமா 42-14 என்று வென்றது. பந்தோடு ஓடும் வீரர் எடி லேசி 140 கஜம் ஓடினார். அறுவை சிகிச்சை அதற்குப் பிறகுதான்.

2013 டிராஃப்டில் அதே வரிசையின் சான்ஸ் வார்மாக் 10வது, டி.ஜே. ஃப்ளூக்கர் 11வது. ஜோன்ஸ் நான்காம் சுற்றில், 113வதாக ராம்ஸ் அணிக்கு. என்எஃப்எல்லில் நிலையான இடம் பிடிக்கவில்லை. கணக்கியலில் முதுகலை முடித்து, படிப்புக்கும் ஆட்டத்துக்கும் சேர்த்துத் தரும் கேம்ப்பெல் கோப்பையையும் 2012லேயே வாங்கியிருந்தார்.

இப்போதைய விதிகளில் இப்படி ஒரு பயணம் அமைவது கடினம். இடது டேக்கிள் இடம் காலியானால் கார்டை நகர்த்தி ஒரு வசந்தகாலம் முழுக்கப் பழக்குவதைவிட, கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் தயார் டேக்கிளைத் தேடுவது சுலபம். 2024ல் அலபாமாவின் இடது டேக்கிள் கேடின் ப்ராக்டர் ஜனவரியில் அயோவாவுக்குப் போய், வசந்தத்திலேயே திரும்பி வந்தார். 2024லிருந்து எத்தனை முறை மாறினாலும் ஒரு சீசன் உட்கார வேண்டியதில்லை. மூன்றாவது இடம் கற்றுக்கொள் என்று சொல்லும் பயிற்சியாளருக்கு, நான் வேறு கல்லூரியில் என் இடத்திலேயே ஆடுகிறேன் என்று வீரர் பதில் சொல்ல முடியும். அந்த உரிமை வீரர்களுக்குக் கிடைக்கவேண்டியதே. ஆனால் ஒரே ஆளிடம் கார்டின் இரண்டாவது அடியும், டேக்கிளின் கிக் ஸ்லைடும், சென்டரின் 40 வினாடிக் கணக்கும் சேர்வதை இனி அடிக்கடி பார்க்க முடியாது.