ஆனையூர் முகாமும் அம்மாவின் தலையிடியும்

1990 ஜூனில் இலங்கையில் எங்கள் ஊரில் மறுபடி சண்டை தொடங்கியதும் படகேறி மண்டபம் வந்து, அங்கிருந்து மதுரை ஆனையூர் அகதிகள் முகாமுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளில் நானும் ஒருவன். நம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பில் எல்லோரும் குண்டு விழுந்ததைப் பற்றித்தான் கேட்பார்கள், நானும் சொல்வேன். வீட்டுக்குள் இருந்த பாரத்தை யாரும் கேட்டதில்லை.

பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர். நடுவே கட்டிய சேலைதான் சுவர். விடியுமுன் குழாயடிக்கு ஓடினால்தான் தண்ணீர். எல்லாவற்றையும்விட மோசம் செக்கிங் நாள். அதிகாரிகள் பெயர் வாசிக்கும்போது குடும்பம் முழுக்க நிற்க வேண்டும், இல்லையென்றால் அரசு மாதாமாதம் தரும் பணக்கொடைக்கு ஆபத்து. அப்பா பெயின்ட் வேலைக்குத் திருமங்கலம் பக்கம் போயிருப்பார். அவர் வந்து சேரும்வரை அம்மா வாசலிலேயே நிற்பார். கை நடுங்கும், தலையிடிக்கென்று நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டியிருப்பார். 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு கெடுபிடி கூடியது. இரவில் ஜீப் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

நம் தமிழ் ஐயாதான், "அம்மாவப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போப்பா, இதுக்கும் டாக்டர் இருக்காங்க" என்றார். "எனக்கென்ன விசரோ, பைத்தியமோ?" என்று அம்மாவுக்குக் கோபம். அப்புறம் அப்பா கெஞ்சிக் கூட்டிப்போனார். மாத்திரையில் நித்திரை வந்தது. படபடப்பு அடங்கியதோ, அக்காவுக்குத் தையல் வேலை கிடைத்து, ஒழுகும் தார் ஷீட் கூரையை மாற்றிய பிறகுதான்.

போர் தனி ஆளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவருகிறார். கென்னத் மில்லர், ஆண்ட்ரூ ராஸ்முசென் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் இன்னும் ஒன்றைச் சொன்னார்கள்: போரின் பாதிப்பில் ஒரு பெரும்பங்கு வறுமை, இடநெருக்கடி, தனிமை, வீட்டுச் சச்சரவு என்று அன்றாடத்தின் வழியாகத்தான் மனசைப் பிடிக்கிறது. படித்தபோது எங்கள் அறைதான் கண்ணில் நின்றது. போர் நடந்த பகுதிகளில் ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்கு. இங்கே லண்டனில் விசா முடிவுக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கும் நம் ஆட்களும் அதே தலையிடியைத்தான் சொல்கிறார்கள்.

2021இல் தமிழக அரசு இந்த அகதிகள் முகாம்களை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, புது வீடுகளும் அறிவித்தது. நல்ல காரியம். நம் பள்ளியின் பழைய மாணவர் சங்கம் இந்த வருஷ உதவித்தொகையை முடிவு செய்யும்போது, புத்தகக் காசோடு முகாம் பிள்ளைகள் இரவில் உட்கார்ந்து படிக்க ஒரு தனி இடத்துக்கும், பெரியாஸ்பத்திரிக்குப் போகும் அம்மாமாருக்கு அன்றைய கூலிக்கும் பணம் ஒதுக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். என் பங்கை இப்போதே தருகிறேன்.