கொல்லைப்புறத் தளமும் ஆஸ்டினின் 45 சதவீதமும்

டெக்சாஸின் ஆஸ்டினில் எங்கள் மனை 7,000 சதுர அடி. கொல்லையில் 300 சதுர அடிக்கு சிமெண்ட் தளம் போட ஆசைப்பட்டோம். இதற்கெல்லாம் யார் பர்மிட் வாங்குகிறார்கள் என்றார் ஒப்பந்தக்காரர். நாளைக்கு வீட்டை விற்கும்போது பதில் சொல்லப் போவது அவர் இல்லையே!

எங்கள் பகுதி எஸ்எஃப்-3, அதாவது குடும்பங்கள் வசிக்கும் வீடுகளுக்கென நகராட்சி வகுத்த மண்டலம். கட்டடம் மனையில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மழைநீர் மண்ணில் இறங்காத பரப்பு எல்லாம் சேர்த்து 45 சதவீதம். அதாவது எங்களுக்கு 3,150 சதுர அடி.

வீடு வாங்கியபோது வந்த சர்வே வரைபடத்தை வைத்துக் கூட்டினேன். வீடும் கராஜும் 2,400. கார் பாதை 450. முன்பக்க நடைபாதை 80. குப்பைத் தொட்டி நிற்க முந்தைய உரிமையாளர் ஊற்றிவிட்டுப் போன சிமெண்ட் பட்டை 70. ஏசி யூனிட் உட்காரும் திண்டு 10. ஆமாம், அதையும் விடுவதில்லை. மொத்தம் 3,010. மிச்சம் 140தான்.

விதிவிலக்கு கேட்டு, அதை முடிவுசெய்யும் நகர வாரியத்திடம் போகலாம். ஆனால் மனையின் அமைப்பாலேயே சிரமம் என்று காட்ட வேண்டும். சாயங்காலம் உட்கார இடமில்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

விதியைப் படித்தால் வழி அதிலேயே இருந்தது. கூரையில்லாத மரத்தளம், பலகைகளுக்கு நடுவே இடைவெளியும் அடியில் வெறும் மண்ணும் இருந்தால், பாதிப் பரப்புதான் கணக்கு. 300 அடிக்கு 150. பத்து அடி உதைத்தது. அந்தச் சிமெண்ட் பட்டையை உடைத்தெடுத்ததும் சரியாகிவிட்டது. கூரையில்லாத, தரைமட்ட நீச்சல் குளத்தின் தண்ணீர்ப் பரப்பு கணக்கிலேயே வராது என்பது கொசுறுத் தகவல். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. பலகை இடைவெளியையும் அடியில் மண் என்பதையும் வரைபடத்திலேயே எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்ததும் அனுமதி வந்தது.

கெடுபிடி அதிகம்தான். ஆனால் 2013 அக்டோபர் கடைசியில் ஆனியன் கிரீக் என்ற ஓடை பெருக்கெடுத்து வீடுகளுக்குள் புகுந்த ஊர் இது. மழைநீர் இறங்காத இதே பரப்பை வைத்துத்தான் மாதாமாதம் வடிகால் கட்டணமும் போடுகிறார்கள்.

அப்புறம், மரத்தளத்திலிருந்து தோட்டக் குழாய்வரை சரளைக்கல் பாதை போட்டோம். நடப்பதற்கு மட்டும் என்றால் சரளை கணக்கில் சேராது, ஆனால் அடியில் மண்ணை அழுத்திக் கெட்டிப்படுத்தக் கூடாது. ஒப்பந்தக்காரர் மண்ணைக் கெட்டிப்படுத்தும் இயந்திரத்தோடுதான் வந்தார், திருப்பி அனுப்பினேன்.