ஃபெட்ச் செய்தாலும் வராத பிளாப்

நிரல் ஃபைல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git), "மிஸ்ஸிங் பிளாப்", அதாவது ஒரு ஃபைலின் உள்ளடக்கம் காணவில்லை, என்று சொன்னதும் பலரும் முதலில் ஓட்டுவது, சர்வரிலிருந்து புதியவற்றை இறக்கும் ஃபெட்ச். அதனால் பயனில்லை. பிராஞ்சுகள் (வேலையின் கிளைகள்) காட்டும் கமிட்களெல்லாம் (சேமித்த பதிவுகள்) தன்னிடம் இருப்பதாக நம் கிட் சர்வரிடம் சொல்லிவிடுகிறது. கமிட் இருந்தால் அதற்குக் கீழுள்ள ட்ரீ (ஃபோல்டரின் பட்டியல்), பிளாப் எல்லாம் இருக்கும் என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். நடுவில் ஒன்று காணாமல் போனது அதற்குத் தெரிய வழியில்லை.

எதையும் தொடுமுன் .கிட் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து வைக்க வேண்டும். ஜிசி என்ற துப்புரவு தானாக ஓடாதிருக்க, ஜிசி.ஆட்டோ அமைப்பை 0 ஆக்கிவிடுவதும் அவசியம். எந்த ரெஃபும் (பிராஞ்ச் போன்ற பெயர்) காட்டாத பொருள்களை (கமிட், ட்ரீ, பிளாப்), 2 வாரம் கடந்திருந்தால், ஜிசி நீக்கிவிடும். மீட்புக்குத் தேவையானது அவற்றுள் இருக்கக்கூடும்.

கரண்ட் திடீரென்று போகும்போது ஃபைலின் பெயர் டிஸ்கில் பதிந்து, உள்ளடக்கம் பதியாமல் போவதுண்டு. .கிட்டின் ஆப்ஜெக்ட்ஸ் ஃபோல்டருக்குள், ஹாஷின் (பொருளின் 40 எழுத்து அடையாளம்) முதல் 2 எழுத்து கொண்ட ஃபோல்டரில், மீதி 38 எழுத்துப் பெயருடன் 0 பைட் ஃபைல் கிடக்கும். முதலில் அதை வெளியே நகர்த்துங்கள். அது அங்கேயே இருந்தால், பொருள் ஏற்கெனவே இருக்கிறது என்று கிட் நினைத்து, சரியான பிரதியைக் கொடுத்தாலும் எழுதாமல் விட்டுவிடும். மீட்பு முயற்சிகள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான்.

அடுத்து, பொருள்களைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளை. எந்த ட்ரீயிலிருந்து எந்த பிளாபுக்கு இணைப்பு அறுந்திருக்கிறது என்று அது காட்டும். அந்த ட்ரீயை எல்எஸ்-ட்ரீயில் பார்த்தால் ஃபைல் பெயர் தெரியும். அதே பதிப்பு டிஸ்கில் இருந்தால், ஃபைலைப் பொருளாக்கும் ஹாஷ்-ஆப்ஜெக்டை எழுதும் விருப்பத்தோடு (-w) ஓட்டினால் போதும். எஃப்எஸ்சிகே காட்டிய ஹாஷோடு 40 எழுத்தும் பொருந்தினால் பிளாப் திரும்பிவிட்டது. பொருந்தாவிட்டால் வரிமுடிவுகளைச் (விண்டோஸிலும் லினக்ஸிலும் வேறுபடும் வரி முடிவுக் குறிகள்) சந்தேகியுங்கள். பழைய பதிப்பென்றால் சக ஊழியரின் குளோனில் (ரெப்போவின் பிரதி) கேட்-ஃபைல் மூலம் எடுத்து, உள்ளடக்கம் மாறாமலிருக்க --நோ-ஃபில்டர்ஸ் சேர்த்து ஹாஷ்-ஆப்ஜெக்டால் எழுதலாம். பல பொருள்கள் போயிருந்தால், 2022இல் வந்த கிட் 2.36 பதிப்பின் ஃபெட்ச் --ரீஃபெட்ச் எல்லாவற்றையும் புதிதாக இறக்கித் தரும்.

பிராஞ்சின் நுனி கமிட்டே இல்லையென்றால், .கிட் ஃபோல்டரில் பிராஞ்சுகள் நகர்ந்த வரலாறு இருக்கும் லாக்ஸில் அந்த பிராஞ்சின் ஃபைலைத் திறந்து, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு ஹாஷாகச் சோதியுங்கள். முதலில் உயிரோடு கிடைப்பதற்கு அப்டேட்-ரெஃப் கொண்டு பிராஞ்சைத் திருப்புங்கள். அதற்குப் பிந்தைய வேலை பெரும்பாலும் டிஸ்கிலேயே ஃபைலாக இருக்கும். ரீசெட் --ஹார்ட் கொடுத்து அதை அழித்துவிடாதீர்கள்.

குளோன் --ஷேர்டு வேறு வகை ஆபத்து. பொருள்கள் மூல ரெப்போவில்தான் இருக்கும். அங்கே யாராவது பிராஞ்சை நீக்கி ஜிசி ஓட்டினால் இங்கே உடையும். மூலத்தைச் சுட்டும் ஆல்டர்னேட்ஸ் ஃபைலை நீக்கும் முன் ரீபேக் -ஏ -டி ஓட்டி எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்துவிட வேண்டும். சில பொருள்களை இறக்காமல் எடுத்த பார்ஷியல் குளோனில் பிளாப் இல்லாதது பழுதல்ல, தேவைப்படும்போது சர்வரிலிருந்து தானாக வரும்.

எஃப்எஸ்சிகே காட்டும் "டேங்ளிங்" வரிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். பொருள் பத்திரமாக இருக்கிறது, அதைக் காட்டும் ரெஃப்தான் இல்லை. ஆட் செய்து கமிட் செய்யாமல் விட்ட வேலை பல சமயம் அங்கேதான் இருக்கும். ஜிசியை மறுபடி இயக்குமுன் எஃப்எஸ்சிகேயை --லாஸ்ட்-ஃபவுண்ட் சேர்த்து ஓட்டி, அந்த ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.