வியாழனும் சனியும்: டிசம்பர் 2020

டிசம்பர் 4, வெள்ளி
புரெவி புயல் மழை விடவில்லை. வானமே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அண்ணனோடு அண்ணி ஒருத்தர்தான் உள்ளே இருக்கலாமாம்.

டிசம்பர் 6, ஞாயிறு
ஆறரை மணிக்குத் தென்மேற்கில் மேகம் கொஞ்சம் விலகியது. கீழே வியாழன், அதற்கு இடப்பக்கம் சற்று மேலே சனி. நடுவில் மூன்று நிலாவை வைக்கலாம். 21ஆம் தேதி அந்த இடைவெளி ஒரு நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்காகிவிடும்.

சூரியனைச் சுற்ற வியாழனுக்கு ஏறக்குறைய 12 ஆண்டு, சனிக்கு 29½. அதனால் சுமார் 20 ஆண்டுக்கு ஒருமுறை வியாழன் சனியைப் பிடித்துவிடுகிறது. ஆனால் இவ்வளவு நெருக்கம் 1623க்குப் பிறகு இப்போதுதான். 1623இல் நடந்ததோ சூரியனை ஒட்டி, பார்ப்பது கடினம். நன்றாகப் பார்க்க முடிந்தது என்றால் 1226 மார்ச்சில். இங்கே தஞ்சாவூரில் மூன்றாம் ராஜராஜன் காலம்.

அடுத்து வியாழன் சனியைப் பிடிப்பது 2040. அண்ணனுக்கு அறுபத்திரண்டு வயது இருக்கும். இருக்கும்.

டிசம்பர் 8
போன் வரவில்லை.

டிசம்பர் 9, புதன்
தூக்கமில்லை. தினசரி காலண்டரில் எந்த மணி எந்தக் கிரகத்துக்கு என்று போட்டிருக்கும் ஓரைப் பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாகப் போவதிலிருந்து வேகமாகப் போவது வரை எழுதினால் சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், திங்கள். பூமியிலிருந்து தூரத்தையும் பழைய காலத்தில் இதே வரிசையில்தான் வைத்தார்கள். மணிக்கு ஒன்றாக இவற்றை அடுக்கிக்கொண்டே போனால், 24 மணி முடிந்து மறுநாள் முதல் மணி மூன்று தள்ளி விழும். முதல் மணிக்கு உரிய கிரகத்தின் பெயர்தான் அந்த நாளுக்கு. சனிக்கு அடுத்து ஞாயிறு, ஞாயிறுக்கு அடுத்து திங்கள். ஆரியபட்டர் இதை எழுதி வைத்திருக்கிறார். கிழமை என்று நாம் தினமும் சொல்வது கிரகங்களின் வரிசைதான்! அண்ணனிடம் சொல்ல வேண்டும். உடனே பேப்பரில் போட்டுப் பார்ப்பான்.

டிசம்பர் 12, சனி
மொட்டை மாடியில் சாக்பீஸால் வரைந்தேன். சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள 15 கோடி கிலோமீட்டரை ஓர் அடியாக வைத்துக்கொண்டேன். புதன் ஐந்து அங்குலத்துக்குள், வெள்ளி ஒன்பது அங்குலத்தில், பிறகு பூமி, ஒன்றரை அடியில் செவ்வாய். நாலும் ஒரு முழத்துக்குள் அடங்கிவிட்டன. அப்புறம் வெறும் தரை. வியாழனுக்கு ஐந்து அடி தாண்ட வேண்டும். நடுவில் சீரிஸும் மற்றச் சிறுகோள்களும்தான். அந்த இடத்துக்கு அப்பால் தண்ணீர் பனியாக உறையும் அளவு குளிர். அதனால்தான் அங்கே உருவானவை பெருத்து, வாயுவையும் இழுத்து வைத்துக்கொண்டன. சனி ஒன்பதரை அடி. யுரேனஸ் 19 அடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில். நெப்டியூனுக்கு 30 அடி வேண்டும், மாடி போதவில்லை.

இத்தனை தூரத்தில் இருப்பவை என்றைக்கு எங்கே நிற்கும் என்று நூறு ஆண்டுக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார்கள். ஒரு தேதி சொன்னால் போதும். கெட்ட தேதியாக இருந்தாலும் சரி.

டிசம்பர் 14
அண்ணனின் ரத்தத்தில் கிரியாட்டினின் இறங்கவில்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது.

டிசம்பர் 17, வியாழன்
இளம்பிறை இரண்டுக்கும் பக்கத்தில் வந்து நின்றது. அம்மாவைக் கைபிடித்து மேலே கூட்டி வந்தேன். "27ஆம் தேதி சனிப்பெயர்ச்சி. அதுக்கப்புறம் அவனுக்கு எல்லாம் சரியாயிடும்டி" என்றார். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஜனவரியிலேயே சனி மகரத்துக்குப் போய்விட்டது, வாக்கியப் பஞ்சாங்கப்படிதான் 27. நான் சொல்லவில்லை. அம்மாவிடம் ஒரு தேதி இருக்கிறது.

வார்டு ஜன்னல் கிழக்குப் பக்கம். அவனுக்கு விடியற்காலை வெள்ளி மட்டும்தான் தெரியும்.

டிசம்பர் 20
மேகம். மேகம்.

டிசம்பர் 21, திங்கள்
பார்த்தேன். 6.25க்குத் திறந்து கொஞ்ச நேரம் இருந்தது. வெறும் கண்ணுக்கே இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. அண்ணனின் பைனாகுலரில் வியாழனின் நிலாக்கள்கூடப் புள்ளியாகத் தெரிந்தன. வியாழன் 89 கோடி கிலோமீட்டரில், சனி 162 கோடியில். ஒன்றின் ஒளி 49 நிமிடத்துக்கு முன் கிளம்பியது, மற்றதன் ஒளி ஒன்றரை மணி நேரத்துக்கு முன். மாடிக் கோட்டில் பூமியிலிருந்து சணலை இழுத்துக் கட்டினேன். வியாழனைத் தொட்டுக்கொண்டு நேரே சனிக்குப் போனது. அண்ணிக்குப் போட்டோ அனுப்பினேன். ஒரு டிக் மட்டும்.

டிசம்பர் 22, செவ்வாய்
இனி வியாழன் மேலே, சனி கீழே. டயாலிசிஸ் பத்து மணிக்கு என்கிறார்கள். கையெழுத்துப் போட அம்மாவும் வர வேண்டுமாம். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன்.